பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சீண்டினால் நாம் எப்படிப் புகார் கொடுப்பது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

 

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மாடு ஒண்ணு, ஆடு ரெண்டு, பிள்ளைங்க ரெண்டு, இதுதான் என் பொழுது. விழாவில் பேசணும்னு சொன்னப்போ, "சேமிப்பைப் பத்திப் பேசும்மா"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. சேமிப்பைப் பத்திப் பேச நிறையப் பேர் இருக்காங்க அக்கா, நான் பிள்ளைங்களைப் பத்திப் பேசுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். போன வருஷம் எங்க வீட்டில் நடந்ததும், அதனால் நான் தேடித் தெரிஞ்சுக்கிட்டதும் உங்களுக்கும் பயன்படும்னு நினைக்கிறேன்.

முதலில் ஒண்ணு சொல்லிடுறேன். பிள்ளைங்க விளையாடும்போது தள்ளிக்குவாங்க, பேர் வச்சுக் கூப்பிடுவாங்க, சாயந்திரம் ஒண்ணா சேர்ந்துக்குவாங்க. அதுக்கெல்லாம் நாம பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டாம். நான் சொல்லும் சீண்டல் வேற. ஒரே பிள்ளையைத் தினமும் குறி வைக்கிறது. பலம் உள்ளவங்க நாலு பேர் சேர்ந்து, திருப்பிக் கேட்க முடியாத ஒரு பிள்ளையைப் பண்றது. விடுன்னு அழுதாலும் விடாமப் பண்றது. கறுப்பா இருக்கிற பிள்ளை, குண்டா இருக்கிற பிள்ளை, அப்பா இல்லாத பிள்ளை, கால் சரியில்லாத பிள்ளை, படிப்பு வராத பிள்ளைன்னு பார்த்துப் பார்த்துப் பண்ணுவாங்க. இது விளையாட்டில் சேராது.

என் பெரியவன் ஏழாம் வகுப்பு படிச்சான். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி, டவுன் பஸ்ஸில் போய் வரணும். அவனுக்குப் பேச்சு திக்கும். அவசரமாப் பேசினா முதல் எழுத்திலேயே நின்னுடுவான். வகுப்பில் மூணு பசங்க அவனுக்கு "சிக்னல்"னு பேர் வச்சுட்டாங்க. அவன் வாயைத் திறந்தாலே, "சிக்னல் கட் ஆயிடுச்சு, சிக்னல் கட் ஆயிடுச்சு"ன்னு கத்துவாங்க. அதோட நிக்கல. சத்துணவில் போடும் முட்டையைத் தினமும் பிடுங்கிக்கிட்டாங்க. கொடுக்கலன்னா பையைக் கிணத்து மேட்டில் கொண்டுபோய் வச்சுடுவாங்க.

அவனாக இதை எதையும் சொல்லல. சாயந்திரம் வந்ததும் பானையில் இருக்கும் சோத்தை நின்னுக்கிட்டே அள்ளித் தின்பான். திங்கட்கிழமை காலையில் வயித்து வலின்னு படுப்பான், பஸ் போன பிறகு வலி போயிடும். ரெண்டு மாசத்தில் மூணு பென்சில் பாக்ஸ் காணாமப் போச்சு. "அம்மா, நான் பாட்டி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டுமா"ன்னு ஒரு நாள் கேட்டான். இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தப்போதான் எனக்குப் பொறி தட்டுச்சு. உங்க வீட்டிலும் இப்படி ரெண்டு மூணு விஷயம் சேர்ந்து வந்தா கவனிங்க.

உடனே உட்கார வச்சு போலீஸ் மாதிரிக் கேள்வி கேட்டா பிள்ளை வாயே திறக்காது. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது அவனையும் கூட வச்சுக்கிட்டேன். கையில் வேலை இருந்தா பேச்சு வரும். மூணாவது நாள் சொன்னான். நடுவில் நான் பேசல. "நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே"ன்னு சொல்லக் கூடாது. அடிக்க முடிஞ்சா அவன் ஏன் நம்மகிட்ட வர்றான்? "நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்ல, நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்னிக்கு ராத்திரி பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணேன். "நான் வந்து அந்தப் பசங்களை நாலு சாத்து சாத்துறேன்"னார். பெத்த கோபம், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்தவங்க பிள்ளை மேல நாம கை வச்சா, கேஸ் நம்ம மேல வரும். நம்ம பிள்ளைக்கு நடந்தது அதோட மறைஞ்சு போயிடும். "நீங்க வர வேண்டாம், நான் எழுதிக் கொடுக்கிறேன்"னு சொன்னேன்.

எழுதிக் கொடுக்கிறது நமக்குப் புதுசா அக்கா? நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் தமிழ்நாட்டுக்கே முதலில் மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பிச்சாங்க. அன்னையிலிருந்து நாம கத்துக்கிட்டது என்ன? கூட்டம் போட்டா தீர்மானம் எழுதணும், தேதி போடணும், கையெழுத்து வாங்கணும், பணம் கட்டினா பாஸ்புக்கில் பதியணும். இதே வழக்கத்தைத்தான் பிள்ளை விஷயத்திலும் காட்டணும்.

பழைய நோட்டு ஒண்ணு எடுத்து, பையன் சொல்லச் சொல்ல எழுதினேன். "ஆகஸ்ட் 6, செவ்வாய், மதியம், சாப்பாட்டு வரிசையில் முட்டையைப் பிடுங்கினார்கள். பார்த்தவர் இன்னார்." "ஆகஸ்ட் 8, வியாழன், பையைக் கிணத்து மேட்டில் வைத்தார்கள்." இப்படி நாள், நேரம், இடம், யார் செய்தாங்க, யார் பார்த்தாங்க, அவ்வளவுதான். கிழிஞ்ச சட்டையைத் துவைக்காம எடுத்து வச்சேன். காயம் இருந்தா போட்டோ எடுத்துக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டைப் பத்திரமா வச்சுக்கணும். வாட்ஸ்அப்பில் கேலி பண்ணா அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கணும்.

முதலில் வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். "பசங்கன்னா அப்படித்தாம்மா, ரெண்டு நாளில் சரியாயிடும்"னு சொன்னாங்க. ஒரு வாரம் ஆச்சு, சரியாகல. அதுக்கப்புறம் தலைமை ஆசிரியைக்கு மனு எழுதினேன். எப்படி எழுதினேன்னு கேட்டு நிறையப் பேர் வந்ததால் இங்கே சொல்றேன்:

"அனுப்புநர்: பெற்றோர் பெயர், மாணவன் பெயர், வகுப்பு, ஊர், போன் நம்பர். பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள். பொருள்: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனைத் தொடர்ந்து சீண்டுவது தொடர்பாக.

வணக்கம். என் மகனை அவன் வகுப்பு மாணவர்கள் மூன்று பேர் கீழ்க்கண்ட நாட்களில் கேலி செய்தும், உணவைப் பிடுங்கியும் துன்புறுத்தி வருகிறார்கள். (நாள், நேரம், இடம், நடந்தது.) இது பற்றி வகுப்பு ஆசிரியரிடம் இந்தத் தேதியில் நேரில் சொன்னேன். இன்னும் நிற்கவில்லை. எனவே, ஒன்று, மாணவர்களைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். இரண்டு, சாப்பாட்டு நேரத்திலும் பஸ் ஏறும் வரையிலும் ஒரு ஆசிரியர் கவனிக்க வேண்டும். மூன்று, எடுத்த நடவடிக்கையை ஒரு வாரத்துக்குள் எனக்குத் தெரிவிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

தேதி, கையெழுத்து. அவ்வளவுதான் மனு. அதில் திட்டு இருக்கக் கூடாது, சாபம் இருக்கக் கூடாது. "அந்தப் பசங்களுக்கு டிசி கொடுங்க"ன்னும் நான் எழுதல. என் பிள்ளை நிம்மதியாப் படிக்க என்ன வேணுமோ அதைத்தான் கேட்டேன். தனித்தனியா விசாரிக்கணும்னு ஏன் எழுதினேன்னா, எல்லாரையும் ஒரே இடத்தில் நிறுத்தி "இவன் உன்னை அடிச்சானா"ன்னு கேட்டா, எந்தப் பிள்ளையும் இல்லைன்னுதான் சொல்லும்.

மனுவை ரெண்டு பிரதி எடுத்துக்கிட்டுப் போங்க. ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணில் "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்தும் சீலும் வாங்குங்க. தலைமை ஆசிரியை, "வாயால சொன்னா போதாதாம்மா, இதுக்கு எதுக்கு சீல்"னு கேட்டாங்க. "குழுவில் நூறு ரூபா கட்டினாலும் பாஸ்புக்கில் பதிஞ்சு வாங்குறோம் டீச்சர், இது என் பிள்ளை"ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போட்டுக் கொடுத்தாங்க. யாராவது வாங்கவே மாட்டேன்னா தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்க. தனியாப் போகாதீங்க, குழுவிலிருந்து ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஆனா இருபது பேர் திரண்டு போகாதீங்க. அது புகார் கொடுக்கப் போன மாதிரி இருக்காது, சண்டைக்குப் போன மாதிரி இருக்கும். பிள்ளையும் கூனிக் குறுகிப் போகும்.

இப்போ முக்கியமான ஒண்ணு. புகார் கொடுத்ததோட நம்ம வேலை முடியாது. அதுக்கு அடுத்த வாரம்தான் ரொம்பக் கவனமா இருக்கணும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீங்க. கூடப் படிச்ச பசங்க சாதியைச் சொல்லி ஒரு பிளஸ் டூ மாணவனைத் தொல்லை பண்ணியிருக்காங்க. அந்தத் தம்பி பள்ளிக்கூடத்துக்கே போகாம நின்னுட்டான். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விசாரிச்சு, அவனும் புகார் எழுதிக் கொடுத்தான். அன்னிக்கு ராத்திரியே வீடு தேடி வந்து அவனை வெட்டினாங்க. தடுக்கப் போன தங்கச்சியையும் வெட்டினாங்க. பிள்ளைங்க ரெண்டு பேரும் பிழைச்சாங்க. அந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டு, அடுத்த வருஷம் பிளஸ் டூவில் 600-க்கு 469 மார்க் வாங்கினான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு ஐயா தலைமையில் ஒரு குழு போட்டது. அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார்.

பயந்து புகாரே கொடுக்காம இருந்துடணும்னு இதைச் சொல்லல. புகார் வாங்குற பள்ளிக்கூடம், புகார் கொடுத்த பிள்ளைக்குப் பாதுகாப்பும் கொடுக்கணும். நாம அதையும் சேர்த்துக் கேட்கணும். மிரட்டல் இருந்தா அன்னிக்கே போலீஸுக்குச் சொல்லணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது.

எங்க வீட்டிலும் சின்ன அளவில் நடந்தது. மனு கொடுத்த நாலாவது நாள் பஸ்ஸில், "மாட்டி விட்டவன் வர்றான்"னு சொல்லி உட்கார விடல. அன்னிக்கே ரெண்டாவது மனு எழுதினேன், முதல் மனுவின் தேதியையும் அதில் போட்டேன். அதுக்குப் பிறகு அதே பஸ்ஸில் வரும் ஒரு சார்கிட்ட பொறுப்பு கொடுத்தாங்க, மூணு பசங்களோட பெத்தவங்களையும் கூப்பிட்டுப் பேசினாங்க.

அந்த மூணு பேரில் ஒருத்தனோட அம்மா நம்ம கூட்டமைப்பில்தான் இருக்காங்க. எந்தக் குழுன்னு சொல்ல மாட்டேன். "இதை விழாவில் பேசலாமா"ன்னு கேட்டேன். "பேசு, என் பையன் பேரை மட்டும் சொல்லாத"ன்னாங்க. என் பையன்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நான் அவங்க வீட்டு வாசலுக்குப் போய்ச் சண்டை போடல, குழுக் கூட்டத்திலும் பேச்சை எடுக்கல. பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பள்ளிக்கூடம் வழியாத்தான் பேசணும்னு இருந்தேன். அப்படி இருந்தும் ரெண்டு மாசம் என் முகத்தைப் பார்க்காமத்தான் இருந்தாங்க. இப்போ பேசுறோம். பழைய மாதிரின்னு சொல்ல முடியாது, ஆனா பேசுறோம்.

தலைமை ஆசிரியர் கேட்கலன்னா என்ன பண்றது? வழி இருக்கு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில், பிள்ளையை அடிக்கவும் மனசளவில் துன்புறுத்தவும் கூடாதுன்னு 17-வது பிரிவு சொல்லுது. டீச்சரே பிள்ளையைக் கேவலமாப் பேசினா இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். அதே சட்டப்படிதான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. அதில் நாலில் மூணு பங்கு பெத்தவங்க இருக்கணும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். எங்க பள்ளிக்கூடக் குழுவில் நம்ம அக்கா ஒருத்தரும் இருக்காங்க. அந்தக் கூட்டத்தில் பொதுவாப் பேசி, சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆசிரியர் நிக்கணும்னு தீர்மானம் எழுத வச்சாங்க. பிள்ளைங்க பேரைக் கூட்டத்தில் எடுக்கல, அதுதான் சரி.

அதுக்கு மேல தொடக்க, நடுநிலைப் பள்ளின்னா வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளின்னா மாவட்டக் கல்வி அலுவலர். அவங்களுக்கும் மேல மாவட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கார். தனியார் பள்ளியா இருந்தா, முதலில் முதல்வருக்கும் தாளாளருக்கும் எழுதுங்க. பணம் கட்டிப் படிக்க வைக்கிறோம், பகைச்சுக்க முடியாதுன்னு சும்மா இருக்காதீங்க. தனியார் பள்ளிகளுக்குன்னே தனியா மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கார். பள்ளிக் கல்வித் துறையின் 14417-க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். எங்கே போனாலும் முன்னாடி கொடுத்த மனுவின் பிரதியை இணைங்க. சீல் வாங்கி வச்சது அப்போதான் உதவும்.

ஆனா சில விஷயங்களைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பேசி முடிக்கக் கூடாது. ஒண்ணு, பிள்ளையின் உடம்பைத் தப்பாத் தொட்டாலோ, ஆபாசமாப் படம் எடுத்தாலோ, அது 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் வரும். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை ரெண்டு பேருக்கும் அந்தச் சட்டம் உண்டு. தெரிஞ்சவங்க போலீஸில் சொல்லியே ஆகணும், மறைச்சா மறைச்சவங்க மேலயும் வழக்கு வரும். "ஊர்ப் பேர் கெட்டுடும்"னு பஞ்சாயத்துப் பேச யாருக்கும் உரிமை இல்ல. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கிட்டுப் போக வேண்டாம், வீட்டுக்கே வந்து, முடிஞ்ச வரைக்கும் பெண் போலீஸ், யூனிஃபார்ம் இல்லாம விசாரிக்கணும்னு சட்டத்தில் இருக்கு. பிள்ளை பேரை வெளியே விடக் கூடாது. ரெண்டு, பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையை மத்த சாதிக்காரங்க சாதி பேர் சொல்லி இழிவுபடுத்தினா, 1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் போலீஸில் புகார் கொடுக்கலாம். மூணு, பலமான காயம், கத்தி, கொலை மிரட்டல். இந்த மூணுக்கும் போலீஸுக்கோ, குழந்தைகளுக்கான 1098-க்கோ உடனே போன் பண்ணுங்க. 1098 ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, பிள்ளையே கூடப் பேசலாம்.

இன்னொண்ணையும் சொல்லணும். நம்ம பிள்ளைதான் சீண்டுதுன்னு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டா என்ன பண்ணுவோம்? "என் பிள்ளை அப்படிக் கிடையாது"ன்னு முதல் வார்த்தையிலேயே முட்டுக் கொடுக்கவும் வேண்டாம், எல்லார் முன்னாடியும் போட்டு அடிக்கவும் வேண்டாம். முழுசாக் கேளுங்க. வீட்டுக்கு வந்து, ஏன் பண்ணேன்னு கேளுங்க. நான் சொன்ன அந்த அம்மா, இனிமே முட்டை பிடுங்குனா தினமும் நானே வந்து சாப்பாட்டு வரிசையில் நிப்பேன்னு பையன்கிட்ட சொல்லிட்டாங்களாம். அவன் நிறுத்திட்டான். திட்டினா வராத வெக்கம் அதில் வந்திருக்கு.

கடைசியா நம்ம கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நம்மில் எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார் நிறைய இருக்காங்க. கடன் மனு எழுத உதவுற மாதிரி, பள்ளிக்கூட மனு எழுதவும் ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கலாம். 1098, 14417 ரெண்டு நம்பரையும் பாஸ்புக்கு அட்டையில் எழுதி வச்சுக்கலாம். யாரோட பிள்ளை விஷயம்னு அவங்க வாயால வெளியே போகக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு. என்னைப் பொறுப்பாப் போட்டாலும் செய்யத் தயாரா இருக்கேன்.

என் பையனுக்கு இன்னமும் பேச்சு திக்கத்தான் செய்யுது. எப்பவாவது யாராவது ஒருத்தன் "சிக்னல்"னு சொல்றதும் உண்டு. ஆனா திங்கட்கிழமை வயித்து வலி வர்றதில்ல, சாயந்திரம் வந்ததும் பானையைத் தேடுறதில்ல. சீல் போட்ட அந்த ரெண்டு மனுவையும் ரேஷன் கார்டு வைக்கிற டப்பாவில் வச்சிருக்கேன். யாருக்காவது மாதிரி வேணும்னா வீட்டுக்கு வாங்க, பார்த்து எழுதிக்கலாம்.